திறந்திருந்த கேட்டை நான் மூடிய நாள்

ஆகஸ்ட் 14, 2024, புதன்கிழமை. நான்கரைக்கு எழுந்தேன். சர்க்கரை இல்லாத காபி, இருபது நிமிட நடை, குளியல். ஐந்து ஐம்பதுக்கு டெக்சஸின் ரவுண்ட் ராக் நகரிலிருந்து கிளம்பினோம். வண்டியை ஓட்டியவர் என்னுடன் வேலை செய்யும் கரூர்க்காரப் பெண்மணி. காற்றாலை அமைக்க நிலம் அளப்பது எங்கள் இருவரின் வேலை.

மேற்கே நான்கு மணி நேரத் தூரத்தில் ஒரு மாட்டுப் பண்ணை. உரிமையாளர் ஐம்பது வயதுப் பெண். வறட்சியில் தீவனம் வாங்கியே ஓய்ந்துபோயிருந்தார். காற்றாலைகளுக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டால் மந்தையை வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் இலையுதிர் காலத்தில் மாடுகள் ஏலத்துக்குப் போகும். ஒப்பந்தம் கையெழுத்தாகாமல் அவருடைய சமையலறை மேசையில் கிடந்தது.

பக்கத்துப் பண்ணையில் காற்றாலைகள் வந்து சில வருடங்கள் ஆகின்றன. குத்தகைப் பணத்தில் அவர்கள் ஆழ்குழாய்க் கிணறு போட்டு, ஒரு மாட்டையும் விற்காமல் வறட்சியைத் தாண்டிவிட்டார்கள். டாலஸில் இருந்த அவர்கள் மகள் காற்றாலை பழுதுபார்க்கும் வேலை கிடைத்து ஊர் திரும்பிவிட்டாள். காற்றாலை வரியில் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் புதுக்கூரை. வேலிக்கு அப்பால் அவர்களுடைய பசுக்கள் வெயிலுக்குக் காற்றாலைக் கோபுரத்தின் நிழலில் ஒற்றை வரிசையாகப் படுத்திருந்தன; நிழல் நகர, வரிசையும் எழுந்து நகர்ந்தது. அளவெடுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்கு உரிமையாளர் பிக்கப் வண்டியில் எங்களிடம் வந்தார். அவர் ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

"நடு கேட்டை யார் மூடினது?"

"நான்தான். காலையில வரும்போது திறந்து கிடந்தது."

"கிடக்கல. நான் திறந்து வெச்சேன். தண்ணித் தொட்டி அந்தப் பக்கம் இருக்கு."

நாற்பது பசுக்கள் அந்தக் கேட்டின் முன் காலையிலிருந்து தாகத்தோடு நின்றிருக்கின்றன. கேட்டைத் திறந்துவிட்டுத்தான் எங்களிடம் வந்திருந்தார். எதுவும் சாகவில்லை. மன்னிப்புக் கேட்டேன்.

"நீ நல்ல ஆளுதான். ஆனா ஒரே நாள்ல இப்படின்னா, குத்தகை முப்பது வருஷமும் உங்க ஆளுங்க வந்து போகப்போறாங்களே. நான் ஒவ்வொருத்தர் பின்னாடியும் ஓட முடியுமா?"

கரூர்க்காரப் பெண்மணி என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "ஏனுங்க சார், ஆபீஸ்ல யார் டிராயர் திறந்திருந்தாலும் மூடிட்டுத்தானே போவீங்க. அதே கைதானுங்க இங்கயும்."

என்ன செய்தால் கையெழுத்திடுவார் என்று உரிமையாளரிடமே கேட்டேன். அதிகம் யோசிக்கவில்லை அவர்.

"திறந்திருந்த கேட்டைத் திறந்தே விடணும், மூடியிருந்ததை மூடிட்டுப் போகணும். எங்க ஊர்ல இதைக் குழந்தைக்குக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்குப் பேப்பர்ல எழுதணும் போல. எழுதிக் கொண்டாங்க, பேனாவை எடுக்கறேன்."

அவர் குத்தகைத் தொகையைக் கூட்டிக் கேட்டிருக்கலாம். அப்போது நாங்கள் மறுத்திருக்க மாட்டோம். அவர் கேட்டது மாடுகளுக்காக இந்த ஒரு வரி மட்டும். அதனால் அவர்மேல் வந்த மரியாதை இன்னும் எனக்குக் குறையவில்லை.

அன்றிரவு ஊர் மோட்டலில் தங்கினோம். மறுநாள் காலை எழுந்ததும் முதல் வேலையாக அவர் சொன்ன வரியை அப்படியே தட்டச்சு செய்து, ஒப்பந்தத்தில் சேர்க்கும்படி எங்கள் சட்டப் பிரிவுக்கு அனுப்பினேன். காபி அதற்குப் பிறகுதான்.