இரண்டு காபன் கருக்கள்

உக்குவளையில் இருந்த நாளில், பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு ஆளுக்கொரு அணுக்கரு செய்துவரச் சொல்லியிருந்தார் டீச்சர். என் மகளுக்குப் பன்னிரண்டு உருண்டை, அதே வகுப்பிலிருந்த கொழுந்தன் மகளுக்குப் பதினான்கு. எனக்குப் பொறுக்கவில்லை. எதுவானாலும் அந்த வீட்டுக்குத்தான் கூடுதலாகக் கிடைக்கும்.

கோதுமை மாவை உருட்டி, ஆறு உருண்டைகளுக்குக் கோயில் குங்குமம் பூசினேன்.

"நமக்கும் ரெண்டு சிவப்பு கூடப் போட்டுருவோம்டி."

"ஐயோ அம்மா! சிவப்பு புரோத்தன். அது எட்டானா காபனே இல்ல, ஒட்சிசன் ஆயிரும். எங்க ரெண்டு பேருக்கும் சிவப்பு ஆறுதான். வெள்ளை நியூத்திரன், அவளுக்கு எட்டு, எனக்கு ஆறு. ரெண்டுமே காபன், பாரம்தான் வேற."

"அப்ப அவளோடது ஒசத்தியா?"

"அது நிலையா நிக்காது. மெல்ல மெல்ல சிதைஞ்சிரும்."

மனம் குளிர்ந்துபோனது. அன்று சாமி விளக்குக்கு எண்ணெய் தாராளமாகவே ஊற்றினேன்.

கண்காட்சியில் எல்லோரும் மொய்த்தது அந்தச் சிதைகிற கருவைத்தான். பழைய எலும்பு, கரித்துண்டுகளின் வயதை அதைக்கொண்டுதான் கண்டுபிடிப்பார்களாம். என் மகளின் மேசையில் ஆளில்லை.

"பாத்தீங்களாக்கா, நம்ம புள்ளைய என்னா கேள்வி கேக்குறாங்க!" என்று கொழுந்தன் பெண்சாதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சிரித்துவைத்தேன்.

திரும்பும் வழியில் இருவரும் அம்மன் கோயிலுக்குப் போனோம். அவள் இரண்டு பிள்ளைகளுக்கும் அர்ச்சனை செய்யச் சொன்னாள். என் மகளின் பெயரைத்தான் முதலில் சொன்னாள். எனக்கு அதுவும் பொறுக்கவில்லை.