மெஷின் கேட்காத கேள்வி

குமுளியில் ஏலக்காய்க் கடையைச் சாத்திவிட்டு, இன்றும் ரிசார்ட்டுக்கு கோல்ஃப் பழகப் போனேன்.

முதல் அடியில் பந்தின் வேகத்துக்குக் குறையில்லை. ஆனால் கிளம்பிய கோணம் ஆறு டிகிரிதான் என்றது, அடியை அளக்கும் மெஷினின் திரை. பந்து தாழ்வாகப் போய்ச் சீக்கிரமே விழுந்துவிட்டது.

"பொம்பளைங்களுக்கு இது போதும்க்கா," என்றார் பயிற்சி தரும் தம்பி.

எனக்குப் போதாது. பந்து வைக்கும் குச்சியை உயர்த்தி மறுபடி அடித்தேன். வேகம் அதேதான். கோணம் பதின்மூன்று. பந்து எங்கேயோ போய் விழுந்தது.

"பொம்பளை அடிக்கு இது பிரமாதம்க்கா!"

"வேகம் போட்டிருக்கு, கோணம் போட்டிருக்கு, பந்து எவ்வளவு சுத்துச்சுன்னும் போட்டிருக்கு. பொம்பளைன்னு எங்க போட்டிருக்கு தம்பி?"

அவர் நிஜமாகவே திரையில் தேடினார்.

என் கடைத் தராசும் காய் பறித்தது ஆணா பெண்ணா என்று கேட்டதில்லை. கேட்கிற மெஷின் உங்கள் ஊரில் இருந்தால் சொல்லுங்கள், வந்து ஓர் அடி அடித்துப் பார்க்கிறேன்.