எண்பத்து மூன்றாம் பக்கம்

எண்பதுகளின் நடுவில் மலேசியாவின் சிரம்பானில் கல்வித் துறை ஊழியனாக இருந்தேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளின் நூலகங்களைச் சோதிப்பது என் வேலைகளில் ஒன்று. நூலகம் என்றால் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அலமாரி. அதன் சாவி தலைமையாசிரியரின் மேசையில் இருக்கும். வேலை நேரத்துக்கு வெளியே, புனைபெயரில், ஞாயிறு பத்திரிகை ஒன்றில் இளையோர் நாவல்களுக்கு மதிப்புரை எழுதிவந்தேன். அரசு ஊழியன் பத்திரிகையில் எழுத அனுமதி வாங்க வேண்டும். மூன்று படிகளில் விண்ணப்பித்து, புனைபெயரையும் குறிப்பிட்டு வாங்கினேன். அந்த விதியைக் கடைப்பிடித்தவன் மாநிலத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பதிவேட்டைச் சோதிப்பவன் ஒவ்வொரு பத்தாவது பதிவையும் பார்த்தால் போதும் என்பது எங்கள் முறை. நாவல்களையும் நான் அப்படியே படித்தேன். பத்தாம் பக்கம், இருபதாம் பக்கம், முப்பதாம் பக்கம் என்று. இளையோர் நாவலில் என்ன இருக்கும் என்பது எனக்குத் தெரிந்ததுதான்: ஏழை மாணவன், கெட்ட நண்பன், அறிவுரை சொல்லும் ஆசிரியர், கடைசி அத்தியாயத்தில் முதல் பரிசு. இதற்குப் பத்தில் ஒரு பங்கே அதிகம் என்று நினைத்தேன். நடை, பாத்திரப் படைப்பு, இளையோருக்கான படிப்பினை என்று மூன்று பத்தி எழுதினால் மதிப்புரை முடிந்தது.

அந்த முறையில் எழுதிய ஒன்றுதான் ஒரு தோட்டத்துப் பெண்ணின் கதைக்கான மதிப்புரை. ‘கதாநாயகியின் தாய் பாதியில் காணாமற்போகிறார், ஆசிரியர் அவரை மறந்துவிட்டார் போலும். கதாநாயகி காரணமின்றி மௌனமாக இருக்கிறாள். துடிப்பான பாத்திரங்களே இளையோருக்குத் தேவை’ என்று எழுதினேன். பத்திரிகை அதைக் கட்டம் கட்டி வெளியிட்டது.

ஆறேழு மாதம் கழித்து ரந்தாவ் பக்கம் ஒரு தோட்டத்துப் பள்ளிக்குச் சோதனைக்குப் போனேன். நூலகப் பொறுப்பு ஒரு தற்காலிக ஆசிரியையிடம் இருந்தது. அதே ரப்பர் தோட்டத்தில் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும், பால்மரம் வெட்டுபவர்களின் மகள். பயிற்சிக் கல்லூரிக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தார். அவர் கவனித்துவந்த பொறுப்புகளில் குறை எதுவும் இல்லை என்று எங்கள் அலுவலகம் எழுதிக்கொடுத்தால்தான் அந்த விண்ணப்பம் நகரும். அவருக்கு அது இரண்டாவது முயற்சி. வயது வரம்புப்படி மூன்றாவது கிடையாது.

பதிவேடு சுத்தமாக இருந்தது. பிறகு அலமாரியில் அந்த நாவலைப் பார்த்தேன். முதல் பக்கத்தில் என் மதிப்புரையை வெட்டி ஒட்டியிருந்தார்கள். கடைசி வெள்ளைத்தாளின் இரு பக்கமும் பென்சில் எழுத்து. பள்ளியில் ஆறாம் வகுப்பை முடித்துவிட்டு, டவுனில் இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பெண்கள் சனிக்கிழமைகளில் வந்து படிக்கிறார்களாம். அந்தப் பள்ளியில் தமிழ்ப் புத்தகம் கிடையாது. படித்தவள் கருத்தைப் பின்தாளில் எழுதியபின்தான் புத்தகத்தை அடுத்தவளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவர்களாகப் போட்டுக்கொண்ட விதி.

ஒருத்தி எழுதியிருந்தாள்: ‘மதிப்புரை எழுதிய ஐயா அம்மாவைக் காணோம் என்கிறார். அம்மா 83ஆம் பக்கத்தில் இறந்துவிட்டார். ஐயா அந்தப் பக்கம் போகவில்லை போல.’ அதற்குக் கீழே வேறொரு கையெழுத்து: ‘அவள் பேசாமல் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தோம்.’ இன்னொருத்தி: ‘முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதுதான் சரி.’

நூலகப் புத்தகத்தில் எழுதினால் அது சேதம். சேதமான புத்தகத்தைப் பதிவேட்டிலிருந்து நீக்கி, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் எரிக்க வேண்டும். ‘பொறுப்பாளரின் கவனக்குறைவு’ என்று எழுதவும் படிவத்தில் ஒரு வரி உண்டு. அதை நிரப்பினால் ஆசிரியையின் கல்லூரி அத்தோடு சரி. சாட்சிகளில் ஒருவன் நான். எரிந்தால் எண்பத்து மூன்றாம் பக்கத்தைப் பற்றி யாரும் பேசப்போவதில்லை. இது எனக்கு உடனே தோன்றியது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

ஏன் எழுத விட்டீர்கள் என்று கேட்டேன்.

“அழிச்சேன் சார். மறுவாரமே திரும்ப எழுதிட்டாளுங்க. அப்புறம் என்னதான் எழுதுறாளுங்கன்னு படிச்சுப் பாத்தேன். அதுக்கப்புறம் அழிக்க மனசு வரல லா.”

சேதப் படிவத்தைப் பற்றி அவருக்குச் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. நூலக விதிகளை அவரும் படித்திருந்தார்.

“என் பேர மட்டும் எழுதுங்க சார். பிள்ளைங்கள விசாரிக்க வேணாம். கையெழுத்தெல்லாம் எனக்குத் தெரியும், கேட்டா நான் சொல்லவேண்டி வரும்.”

மேற்பார்வைக்கு எடுத்துச்செல்வதாகக் கையெழுத்திட்டுப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒரு பக்கம் விடாமல் படித்தேன். தாய் தோட்டத்து லாரியில் மருத்துவமனைக்குப் போகும் வழியில் இறக்கிறாள். நான்கே வரி. காரியம் முடிந்ததும் அந்தப் பெண் அம்மாவுக்கு ஒதுக்கிய மர வரிசையில், அம்மாவின் நிரையில் போய் பால்மரம் வெட்டுகிறாள். பால் பிடிக்கும் மங்கு எது, கத்தி எங்கே என்பதைத் தவிர யாரோடும் அவளுக்குப் பேச்சில்லை. மீதிக் கதை முழுவதும் அந்த மௌனத்தைப் பற்றியதுதான். நான் குறை என்று எழுதியதுதான் நாவல். நான் ஒரு படிப்பினையைத் தேடி அங்கங்கே எட்டிப் பார்த்தேன். அந்தப் பெண்கள் இது நிஜமா என்று பார்த்திருக்கிறார்கள். நாவலை எழுதியவர் எங்கோ என் மதிப்புரையைப் படித்திருப்பார் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது.

திங்கட்கிழமை ஒரு வழி கண்டுபிடித்தேன். நூலகப் புத்தகத்தில் எழுதக் கூடாது. பயிற்றுத்துணைப் பொருளில் எழுதலாம். வரைபடத்தில் எழுதுகிறோம், எழுத்தட்டையில் எழுதுகிறோம். புத்தகத்தை ஒரு பதிவேட்டிலிருந்து மற்றதற்கு மாற்றிவிட்டால் சேதம் மறைந்து, பயன்பாடாகிவிடும். முன்தேதியிட்டு மாற்றக் கூடாது என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. ஆனால் பயன்பாட்டுக்குச் சான்றாக எழுதிய பக்கங்களின் நகலை இணைக்க வேண்டும். என் மேலதிகாரி மலாய்க்காரர், ஆகவே மொழிபெயர்ப்பும் வேண்டும். அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன். என் பத்திரிகை அனுமதிக் கடிதத்தில் கையெழுத்திட்டதும் அந்த மேலதிகாரிதான்.

நகலெடுக்கும்போது தாளை இரண்டு விரல் அகலத்துக்கு மடித்தால் என்னைப் பற்றிய அந்த வரி விழாது. மடித்து ஒரு நகல் எடுத்தும் பார்த்தேன். ஆனால் கீழே இருந்த பேச்செல்லாம் அந்த வரியிலிருந்துதான் தொடங்கியது. அது இல்லாமல் மற்றவை யாரோ சுவரோடு பேசியதுபோல் இருந்தன, சான்றாக நிற்காது. நகலைக் கசக்கிப் போட்டுவிட்டு முழுத்தாளையும் எடுத்தேன். மொழிபெயர்ப்பைத் தட்டச்சில் அடித்தேன். ‘போல’ என்ற சொல்லுக்கு மலாயில் மூன்று வார்த்தை யோசித்து, இருப்பதிலேயே மரியாதை குறைந்ததைப் போட்டேன். அதுதான் சரியாக இருந்தது.

மேலதிகாரி நின்றுகொண்டே படித்தார். மதிப்புரை எழுதிய ஐயா யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். படிவத்தில் கையெழுத்திட்டு, அடுத்த கோப்பை எடுத்தார். பிறகு வந்த இரண்டு ஆண்டறிக்கைகளிலும் என்னைப் பற்றி ‘கவனமானவர்’ என்று எழுதினார். அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்வதா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆசிரியைக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அதற்கு முன், குறை எதுவும் இல்லை என்ற கடிதத்தை வாங்க அவரே அலுவலகத்துக்கு வந்தார். நான் புத்தகத்தை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, சொல்லிவிடுவது முறை என்பதால், அந்த மதிப்புரையை எழுதியது நான்தான் என்றேன்.

“தெரியும் சார்.”

எப்படி என்றேன்.

“அன்னிக்கு எல்லா வரியையும் ஒரு தரம் படிச்சீங்க. அந்த வரிய மட்டும் மூணு தரம் படிச்சீங்க.” புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டார். “பிள்ளைங்ககிட்ட நான் சொல்லல. அது உங்க வேல சார். சனிக்கிழமை பத்து மணிக்கெல்லாம் வந்துருவாளுங்க.”