டிசம்பர் விருந்தாளிகள்

ஈப்போவில் ஒரு பேரங்காடியில் அன்பளிப்புக் கூடை கட்டுவது என் வேலை. ஹேம்பர் என்று சொன்னால்தான் இங்கே எல்லாருக்கும் புரியும். பிஸ்கட் டின், பழச்சாறு, சாக்லேட், டின்னில் அடைத்த லிச்சி இவற்றைப் பிரம்புக் கூடையில் அடுக்கி, கண்ணாடித்தாள் சுற்றி, மேலே நாடா கட்டவேண்டும். பெருநாளுக்குப் பெருநாள் நாடாவின் நிறம்தான் மாறும். உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்.

தீபாவளிக்கு மறுநாள் வேலைக்குப் போனபோது, கடை முகப்பில் வண்ண அரிசியில் போட்டிருந்த மயில் கோலத்தை இரண்டு பேர் அகலத் துடைப்பத்தால் கூட்டிக்கொண்டிருந்தார்கள். மயிலின் கழுத்துவரை போயிருந்தது. பக்கத்தில் பிளாஸ்டிக் கிறிஸ்மஸ் மரம் துண்டு துண்டாகப் பெட்டியில் காத்துக்கிடந்தது. விற்காத முறுக்கு டின்கள் பாதி விலைத் தள்ளுவண்டிக்குப் போயின. மத்தியானத்துக்குள் ஒலிபெருக்கியில் மணிச்சத்தத்தோடு ஆங்கிலப் பாட்டு தொடங்கிவிட்டது. அதன்பின் டிசம்பர் முடியும்வரை, காலையில் கடை திறப்பதிலிருந்து இரவு மூடும்வரை அதே பாட்டுகள்தான். என்னோடு வேலை செய்த மலாய்ப் பெண் காதில் பஞ்சு வைத்துக்கொள்வாள்.

கிறிஸ்தவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. சுங்காய் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் எங்களுக்கு அடுத்த வீடு வேதக்காரர்கள் வீடு. தீபாவளிக்கு எங்கள் தட்டு அங்கே போகும், கிறிஸ்மஸுக்கு அங்கிருந்து தட்டு வரும். இரண்டு தட்டிலும் அச்சு முறுக்குதான். அங்கே பண்டிகை அவரவர் வீட்டில் நடந்தது. இப்போது அது கடையில் நடக்கிறது. இந்த வித்தியாசம் எனக்கு உறைத்தது அப்பாவால்தான்.

அப்பா தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். தோட்டம் பாமாயில் எடுக்கும் செம்பனையாக மாறி, பிறகு அதுவும் விலைபோனதும் என்னோடு ஈப்போவுக்கு வந்துவிட்டார். எனக்கு மணவிலக்கு ஆகிவிட்டது, பிள்ளைகள் இல்லை. தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான். அப்பாவும் நானும் நான்காவது மாடி வீட்டில் நன்றாகத்தான் இருந்தோம், பக்கவாதம் வரும்வரை. வலது பக்கம் முழுவதும் போய்விட்டது. பேச்சும் போனது. மிஞ்சிய ஒரே சொல், ‘சரி’. பசிக்கிறதா என்று கேட்டாலும் சரி, வலிக்கிறதா என்று கேட்டாலும் சரி. மின்தூக்கி இல்லாத அடுக்குமாடியில் அவரைத் தூக்கி இறக்க எனக்கு முடியவில்லை. நான் வேலைக்குப் போனால் பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை. லகாட் போகும் சாலையில் ஒரு பழைய பங்களாவில் நடந்த முதியோர் இல்லத்தில் சேர்த்தேன்.

அங்கே பெரும்பாலும் சீனர்கள். தமிழர்கள் அப்பாவோடு சேர்த்து நாலைந்து பேர். அதில் ஒருவர் யாழ்ப்பாணத்து வழிவந்த கத்தோலிக்க அம்மா. அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாதிகளை இங்கே கூப்பிடுவதுபோல எல்லாரும் அவரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிட்டார்கள். முழங்கால் போய்ச் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டாலும் அதிகாரம் போகவில்லை. அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் அவர் நாற்காலியும். இந்தோனேசியப் பணிப்பெண் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டும்போது, “மெல்ல, மெல்ல, புரைக்கேறும்” என்று மலாயில் அதட்டிக்கொண்டிருப்பார்.

டிசம்பர் பிறந்ததும் விருந்தாளிகள் வரத் தொடங்கினார்கள். ஒருநாள் ஒரே நிறச் சட்டை போட்ட கம்பெனிக்காரர்கள், மறுநாள் கல்லூரிப் பிள்ளைகள், அடுத்து ஏதாவது ஒரு சபையின் இளைஞர்கள். சில சனிக்கிழமைகளில் ஒரு கூட்டம் வெளியே போகும்போதே இன்னொரு கூட்டம் வாசலில் நிற்கும். எல்லாரும் அதே மூன்று பாட்டைப் பாடினார்கள். எல்லாரும் கேக் கொண்டுவந்தார்கள். இல்லத்தில் முக்கால்வாசிப் பேருக்கு இனிப்புநீர், சர்க்கரையே ஆகாது. கொண்டுவந்து வைத்த ஹேம்பர்களில் என் கையால் நாடா கட்டியவையும் இருந்தன.

என் ஓய்வுநாளில் நான் போனபோது அப்பா தலையில் சிவப்புத் தொப்பி இருந்தது. ஒரு மாணவி அவருக்கு ஸ்பூனில் கேக் ஊட்டினாள். நல்ல பெண், பொறுமையாகத்தான் ஊட்டினாள். வாயோரம் வழிந்த கிரீமை ஈரத்தாளால் துடைத்துவிட்டாள். அதே தாளால் கன்னத்தைத் துடைத்தாள், நெற்றியையும் துடைத்தாள். காலையில் பணிப்பெண் பூசிவிட்ட திருநீறு அதோடு போய்விட்டது. அவளுக்கு அது என்னவென்றே தெரிந்திருக்காது, மாவு என்று நினைத்திருப்பாள். அப்பா இடது கையைத் தூக்கி நெற்றியைத் தடவிப் பார்த்தார். விரலைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து பார்த்தார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டார். “அங்கிள் ஹேப்பியா?” என்று அவள் கேட்டாள். “சரி” என்றார்.

நான் உள்ளே போய் இல்லத்தை நடத்தும் சீன அன்ட்டியிடம் சொன்னேன். “இவரு சாமி கும்பிடறவரு அன்ட்டி. தொப்பியெல்லாம் வேணாம்.” பாதி மலாயும் பாதி ஆங்கிலமுமாகத்தான் எங்கள் பேச்சு நடக்கும். அவர் என்னை அடுக்களைக்குப் பின்னால் இருந்த அறைக்குக் கூட்டிப்போனார். அரிசி மூட்டைகளும் டயப்பர் கட்டுகளும் கூரைவரை அடுக்கியிருந்தன. வருடத்தில் பாதி நாள் இதை வைத்துத்தான் ஓடுகிறது, வருகிறவர்களிடம் தொப்பி வேண்டாம், பாட்டு வேண்டாம் என்று சொன்னால் அடுத்த வருடம் வேறு இல்லத்துக்குப் போய்விடுவார்கள் என்றார். அவர் பௌத்தர். அவர் தலையிலும் ஒரு சிவப்புத் தொப்பி இருந்தது. பேசி முடித்துவிட்டு அதைக் கழற்றி முகத்துக்கு விசிறிக்கொண்டார்.

வெளியே வந்தால் மிஸ்ஸி என்னைவிடக் கோபமாக இருந்தார். கிறிஸ்மஸை அவர் நத்தார் என்றுதான் சொல்வார்.

“இவையளுக்கு ஆர் பிள்ளை சொன்னது நத்தார் வந்திட்டுதெண்டு? இன்னும் கன நாள் கிடக்கு. இது திருவருகைக் காலம். அமைதியாப் பாத்துக்கொண்டிருக்கிற காலம். இவையள் ஒவ்வொரு நாளும் வந்து கேக் வெட்டீனம்.”

“நீங்க சொல்லலாமே மிஸ்ஸி, உங்க ஆளுங்கதானே.”

“சொன்னனான். கேக் வேண்டாம், நத்தாரண்டு காலமை என்னைப் பூசைக்குக் கூட்டிக்கொண்டு போறியளோ எண்டு கேட்டனான். எல்லாரும் ‘பாக்கிறம் அன்ட்டி’ எண்டு கையைப் பிடிச்சிட்டுப் போயிட்டினம்.”

அந்த வாரமே இன்னொன்று நடந்தது. ஒரு சபையிலிருந்து வந்த தமிழ்ப் பெண் அப்பாவின் முன் மண்டியிட்டு, இயேசுவை உங்கள் இரட்சகராக ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டிருக்கிறாள். அப்பா சரி என்றிருக்கிறார். எல்லாரும் கைதட்டியிருக்கிறார்கள். நான் அங்கே இல்லை, மிஸ்ஸி சொல்லித்தான் பிறகு தெரியும். அதற்குமுன் முகநூலில் படம் வந்துவிட்டது. அப்பாவின் தோளில் கைபோட்டபடி அந்தப் பெண் சிரிக்கும் படம், கீழே ஒரு ஆத்துமா ஆதாயமானது என்று எழுத்து. சுங்காயில் இருக்கும் அத்தை மகன் அதை எனக்கு அனுப்பி, “மாமா வேதத்துல சேந்துட்டாரா?” என்று கேட்டிருந்தான். அரைமணி நேரத்தில் தம்பி சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டான்.

“என்னக்கா பாத்துக்கிற அங்க? நாளைக்கு அவருக்கு யாரு கொள்ளி வைக்கிறது?”

“நீ வந்து பாத்துக்கடா” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அன்ட்டியிடம் எண் வாங்கி அந்தப் பெண்ணை அழைத்தேன். குரல் சின்னப் பிள்ளையுடையது போல இருந்தது.

“அக்கா, அவரு மனசாரத்தான் சொன்னாரு. கண்ணுல தண்ணி வந்துச்சு.”

“பக்கவாதம் வந்ததிலேருந்து அந்தக் கண்ணுல தண்ணி வந்துக்கிட்டேதான் இருக்கும்மா. சோறு வேணுமான்னாலும் சரிம்பாரு, வேணாமான்னாலும் சரிம்பாரு. அவருக்கு வேற வார்த்தை கிடையாது.”

“தெரியாதுக்கா. யாரும் சொல்லல” என்றாள். அன்று மாலைக்குள் படத்தை நீக்கிவிட்டாள். ஆனால் அது எங்கள் சொந்தக்காரர்களின் கைப்பேசிகளில் ஏற்கெனவே பரவிவிட்டிருந்தது.

கிறிஸ்மஸ் அன்று எனக்கு மதியத்துக்குமேல்தான் வேலை. காலையில் அப்பாவைப் பார்க்கப் போனேன். இல்லத்தில் சத்தமே இல்லை. ஒருமாத வழக்கத்தில் யாராவது பாடிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். கூடத்தில் சரிகைத் தோரணம் ஒருபக்கம் அவிழ்ந்து தொங்கியது. கேக் இல்லை, ஒரு ஆளும் இல்லை. வந்தவர்கள் எல்லாரும் தங்கள் தங்கள் வீட்டில் இருந்தார்கள்.

வாசல் பக்கம் மிஸ்ஸி உட்கார்ந்திருந்தார். வெள்ளைப் பட்டுச்சேலை, முத்துத்தோடு, மடியில் கைப்பை. விடியற்காலையிலேயே பணிப்பெண்ணை எழுப்பிக் கட்டிக்கொண்டாராம்.

“யாராச்சும் வாரேன்னாங்களா மிஸ்ஸி?”

“ஒருத்தரும் இல்லை. ஆனாலும் வெளிக்கிட்டுப் பாப்பம் எண்டு.”

நான் அப்பாவைப் பார்த்தேன். “மிஸ்ஸிய கோயில்ல விட்டுட்டு வாரேன்பா” என்றேன். “சரி” என்றார்.

நானும் பணிப்பெண்ணுமாக மிஸ்ஸியைத் தூக்கி என் பழைய காரில் உட்கார வைத்தோம். நாற்காலியை மடித்துப் பின்னால் வைத்தேன். தேவாலயத்தில் கூட்டம் வாசல்வரை நின்றது. சாய்தளத்தை மறித்து யாரோ காரை நிறுத்தியிருந்ததால் இரண்டு பையன்களைக் கூப்பிட்டு நாற்காலியோடு தூக்க வேண்டியிருந்தது. உள்ளே போக இடமில்லை. கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நின்றோம். அங்கிருந்து மிஸ்ஸிக்கு எதிரே நின்றவர்களின் முதுகுதான் தெரிந்திருக்கும். குழந்தை இயேசுவின் குடிலைக்கூடப் பார்க்க முடியவில்லை. ஆனால் பூசை முழுவதும் அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. நற்கருணை அப்பத்தை ஒருவர் பின்னால் கொண்டுவந்து கொடுத்தபோது கண்ணை மூடிக்கொண்டார். சத்தமில்லாமல் அழுதார்.

நான் கைகட்டி நின்றேன். அங்கே யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை, எதையும் நீட்டவில்லை. ஒருமாதமாக மனதில் இருந்த கசப்பு அந்த ஒருமணி நேரம் இல்லாமல் இருந்தது.

பூசை முடிந்ததும் குடும்பம் குடும்பமாகக் குடிலுக்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மிஸ்ஸி முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்தக் கோயிலுக்கு முப்பது நாற்பது வருடம் வந்துபோனவர். தெரிந்த முகம் ஒன்றுமில்லை. ஒரு வயதான மனிதர் மட்டும் உற்றுப் பார்த்துவிட்டு, யாரோ என்று நினைத்திருப்பார், போய்விட்டார்.

“வீட்டை போவம் பிள்ளை” என்றார். அந்த இல்லத்தை அவர் வீடு என்று சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை.

ஜனவரியில் யாரும் வரவில்லை. இனித் தொல்லை இல்லை, அப்பா நிம்மதியாக இருப்பார் என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். வெளியே ஏதோ ஒரு வேன் வேகம் குறைந்தது. அப்பா சட்டென்று என் கையிலிருந்து விரலை இழுத்துக்கொண்டு வாசல்பக்கம் திரும்பினார். “சரி, சரி, சரி” என்றார். வேன் போய்விட்டது. அவர் அப்படியே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தினமும் இப்பிடித்தான்” என்றார் மிஸ்ஸி. “பாட்டுக்காரர் வருவினம் எண்டு பாக்கிறார்.”

அவருக்கு அது பிடித்திருக்கிறது. அவமானம் என்று நான் நினைத்ததெல்லாம் அவருக்கு ஆள் முகம், ஆள் சத்தம். அதைப் பழக்கிவிட்டு நிறுத்திவிட்டார்களே என்று அவர்கள்மேல் இன்னும் கோபம்தான் வந்தது. வாரத்துக்கு ஒருநாள் வந்துபோன எனக்கு அந்தக் கோபத்துக்கு உரிமை உண்டா என்றும் தோன்றியது. அன்று கைப்பேசியில் ஒரு முருகன் பாட்டு போட்டேன். அவர் கேட்டார். ஆனாலும் கண் வாசலில்தான் இருந்தது.

தைப்பூசத்துக்குச் சில நாள் முன்பு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். திரும்பி வரவில்லை. தம்பி வந்து கொள்ளி வைத்தான். தேவாரம் பாடினார்கள், எல்லாம் முறையாகத்தான் நடந்தது. அடுக்குமாடியின் கீழே போட்டிருந்த கூடாரத்தில், கடைசி நாற்காலியில், தெரியாத ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். குரலைக் கேட்டதும்தான் தெரிந்தது, படத்தில் அப்பாவின் தோளில் கைபோட்டிருந்த அந்தச் சபைப் பெண். தம்பி முறைத்தான். நான் அவனைக் கையமர்த்தினேன்.

“அன்ட்டி சொன்னாங்க, அதான் வந்தேன்” என்றாள். “நாங்க பாடும்போது அவரு கையால தாளம் போடுவாருக்கா. அந்த இடது கையால.” ஜெபம் செய்யட்டுமா என்று கேட்கவில்லை. பெட்டியைத் தூக்கும்வரை நின்றுவிட்டுப் போனாள். டிசம்பர் முழுக்க வந்து போன அத்தனை பேரில் வந்தது அவள் ஒருத்திதான். எனக்கு அந்தத் தாளம் தெரியாது. நான் இருந்த நாளில் நான் தொப்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மிஸ்ஸியைப் பார்க்க அவ்வப்போது போனேன். அடுத்த நத்தாருக்கும் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருந்தேன். “அதுவரைக்கும் நான் உயிரோடை கிடந்தால் பாப்பம்” என்று சிரித்தார். மழைக்காலம் தொடங்கியபோது தூக்கத்திலேயே போய்விட்டார். எனக்குச் செய்தி வந்தபோது அடக்கம் முடிந்து ஒருவாரம் ஆகியிருந்தது.

போன கிறிஸ்மஸ் காலையில் எனக்கு வேலை இல்லை. வீட்டில் இருக்கப் பிடிக்காமல் காரை எடுத்துக்கொண்டு லகாட் சாலையில் போனேன். அன்று அங்கே ஒருவரும் வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். வாசலைத் திறந்தவள் புதிதாக வந்த பணிப்பெண். யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று மலாயில் கேட்டாள். சொல்வதற்கு எனக்கு ஒரு பேர் இல்லை. அவளுக்குப் பின்னால், கூடத்தில், வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் வாசல்பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.