அருவி வற்றிய மாதத்தில் ஒரு வகுப்பறை

போன ஜூலையில் பத்து நாள் லீவு கிடைத்தது. காலையில் தென்காசிப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுப்பது, சாயங்காலம் குற்றாலத்தில் குளிப்பது என்று திட்டம். சேவைக்குப் போகிறேன் என்று தோழிகளிடம் பீற்றிக்கொண்டேன். சாரல் இல்லாத ஊராக இருந்தால் அந்தச் சேவை எனக்குத் தோன்றியிருக்குமா என்பது வேறு விஷயம்.

மதுரையிலிருந்து காலை ஐந்து மணி பஸ். நூற்றைம்பத்தைந்து கிலோமீட்டர், நாலு மணி நேரம், நூற்றைம்பது ரூபாய். புளியங்குடியில் எலுமிச்சை லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட இருபது நிமிடம் தனி. குற்றாலத்தில் சீசன் நேரத்து அறை வாடகை இரண்டாயிரத்து இருநூறு, வயிறு எரிந்தது. அங்கிருந்து பள்ளிக்கு ஆறு கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, அது ஒன்றுதான் ஆறுதல்.

பள்ளிக்கூடம் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. எட்டாம் வகுப்பு வரைதான். அந்த எட்டாம் வகுப்பில் ஒன்பது பேரைத் தலைமை ஆசிரியை என்னிடம் ஒப்படைத்தார். இசக்கியம்மாள் எப்போதும் கடைசி ஆளாகத்தான் வாசிப்பாள், ஆனால் கடகடவென்று வாசிப்பாள். நாலு நாள் அவளைப் புகழ்ந்து தள்ளினேன். ஐந்தாம் நாள் புத்தகம் என் கையில் இருந்தது. பக்கத்தைத் திருப்ப மறந்துவிட்டேன். அவள் பாட்டுக்கு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள்! மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்டே மனப்பாடம் செய்திருக்கிறாள். அவளுக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும். அடுத்த ஜூனில் பெரிய பள்ளிக்கூடம் போக வேண்டும், அங்கே முதல் நாளே எழுந்து வாசிக்கச் சொன்னால் குட்டு உடைந்துவிடும் என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டபோது சொன்னாள்.

மீதி நாட்களில் சாயங்காலமும் அவளோடுதான். நான் கொண்டுபோயிருந்த அறுபத்துநாலு பக்கக் கதைப்புத்தகத்தில் இருபத்திரண்டாம் பக்கம் வரை வந்தோம். கிளம்பும்போது, மீதியை நீயே படி, அடுத்த சீசனுக்கு வருகிறேன் என்று அவளிடம் சொன்னேன்.

"அப்ப நான் இங்கன இருக்க மாட்டம்லா மிஸ்," என்றாள்.

சாரலுக்கு வந்து போகிற என்னைப் போன்றவர்களுக்கு அந்த வகுப்பில் 'சீசன் மிஸ்' என்று பெயர் இருப்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. சுருக்கென்றது.

இந்த மார்ச்சில் நாலு நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். அறை எழுநூறுதான். ஆட்டோ அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அருவியில சொட்டுத் தண்ணி கெடயாது. இப்பப் போயி என்னத்துக்கு வாறிய?" பள்ளிக்கூடத்துக்கு என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

இசக்கி முப்பத்தொன்றாம் பக்கம் வரை வந்திருந்தாள். எட்டு மாதத்தில், தனியாக, ஒன்பது பக்கம். தெரியாத சொற்களுக்கெல்லாம் அடியில் பென்சில் கோடு. கேட்டால் வெளியே தெரிந்துவிடும் என்று யாரிடமும் கேட்கவில்லை. வெட்கத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதை மறைக்க, புதிதாக வாங்கிப்போன தடித்த புத்தகத்தை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை. எத்தனை நாள் இருப்பேன் என்று கேட்டாள். நாலு நாள் என்றேன்.

"அப்ப நாலு நாளுல முடியுத கதையா எடுங்க மிஸ். பாதியில விட்டுட்டுப் போனா நான் யார்ட்ட கேக்கது?"

இப்படிப் போக நினைப்பவர்களுக்கு: கடிதம் கொடுத்து முன்கூட்டியே பள்ளியில் அனுமதி வாங்குங்கள். பிப்ரவரி, மார்ச்சில் போங்கள். வெயில் மண்டையைப் பிளக்கும், ஆனால் பிள்ளைகளுக்கு அப்போதுதான் ஆள் தேவை. எத்தனை நாள் இருப்பீர்கள் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கடைத்தெருவில் பதினாறு பக்கக் கதைப்புத்தகங்கள் இரண்டு வாங்கினேன், ஒன்று முப்பது ரூபாய். பென்சில் கோடுகளையும் ஒவ்வொன்றாகத் தீர்த்தோம். நாலாம் நாள் பன்னிரண்டே காலுக்கு இசக்கி முதல் புத்தகத்தின் கடைசி வரியைத் தட்டுத்தடுமாறி வாசித்து முடித்தாள். எனக்கு ஒரு மணிக்கு பஸ். டாட்டா சொல்வாள் என்று பையை மாட்டிக்கொண்டு நின்றேன். அவள் இரண்டாவது புத்தகத்தைப் பிரித்தாள். இதுவரை யாரும் அவளுக்கு வாசித்துக்காட்டாத கதை அது. ஒவ்வொரு சொல்லாக விரலை வைத்து வாசிக்க ஆரம்பித்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் கோபம்தான். சத்தம் போடாமல் கிளம்பி வந்துவிட்டேன்.