இருபத்திரண்டுக்கு அடுத்த வீடு

ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கூட்டரை லூயிசா சட்டென்று ஓரம் கட்டுவார். பின்னால் வந்தவர் திட்டிக்கொண்டே விலகிப் போவது அவர் காதில் விழாது. இறங்கிப் போய்ப் பள்ளிக்கூடத்தின் சுற்றுச்சுவரைச் சாண் போட்டு அளப்பார். பாதி அளப்பதற்குள் முகம் மலர்ந்துவிடும். "தோ பாருங்க, இந்த செவுத்துல பதினாறு மணி நேரம் கீது!" என்று பக்கத்தில் யார் நின்றாலும் அவரிடம் சொல்வார். மாரிகுப்பம் ஸ்டேஷன் பெஞ்சுகளில் எட்டு மணி நேரம். நூலகத்தில் அட்டை கிழிந்த புத்தகங்களில் முப்பது. கல்லறைத் தோட்டத்தின் துருப்பிடித்த வேலியில் நாற்பது. ஊரையே அவர் மணிக் கணக்கில்தான் பார்க்கிறார்.

பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள் சிறு குற்றம் செய்து பிடிபட்டால், சிறார் நீதிக் குழு அவர்களை அடைத்து வைக்காமல், 'இத்தனை மணி நேரம் ஊருக்கு வேலை செய்' என்று உத்தரவிட்டு வீட்டுக்கு அனுப்பலாம். ஜனங்கள் வாயில் அந்தக் குழு 'போர்டு'. அந்த வேலைக்கு இடம் பிடிப்பது, கூட நின்று செய்ய வைப்பது, முடிந்ததென்று அறிக்கை எழுதுவது என மூன்றுக்கும் லூயிசாவின் சிறிய அறக்கட்டளை ஒப்பந்தம் எடுத்திருக்கிறது.

இருபது வருடம் விடியற்காலை ரயிலில் பெங்களூரு போய், கண்ணாடிக் கட்டடங்களில் துப்புரவு வேலையும் பிறகு மேற்பார்வையும் பார்த்தவர். ஒப்பந்தத்தின் நெளிவு சுளிவெல்லாம் அங்கே பழகியதுதான். இடம் தருகிறவர் யாராக இருந்தாலும் ஒர்க் ஆர்டர் எழுதித் தர வேண்டும். எவ்வளவு வேலை, சாமான் யாருடையது, கடைசியில் கையெழுத்து யாருடையது, எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒரு நிபந்தனையும் உண்டு: துடைப்பத்தைக் கொடுக்கக் கூடாது. மைதானத்தைக் கூட்டச் சொல்லலாமே என்று கேட்ட தலைமை ஆசிரியர் வசமாக மாட்டிக்கொண்டார். "இருவது வருஷம் கூட்டுனவ சார் நானு. சாயங்காலம் கூட்டுனா காலையில மறுபடி குப்ப. எம் பசங்களுக்கு முடியற வேலையா குடுங்க. முடிச்சுட்டுத் திரும்பிப் பாத்தா அது அங்கயே நிக்கணும்!"

அந்தப் பிள்ளைகளின் பெயரை வெளியிடக் கூடாது என்பது சட்டம். லூயிசா தெருவில்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். அவருக்கு எல்லோருமே மாஸ்டர். "மாஸ்டர், பிரஷ்ஷ கழுவுனியா?" என்றால் மூன்று பேர் ஒன்றாகத் திரும்புவார்கள். அதைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு குஷி.

இந்தக் கோடையில் நந்திதுர்க் பக்கம் ஒரு லைனில் வேலை கிடைத்தது. ஒரே சுவரில் வரிசையாகக் கட்டிய அறுபத்திரண்டு வீடுகள். கதவு எண்கள் மழையிலும் வெயிலிலும் அழிந்துபோய், சிலிண்டர் கொண்டுவருபவர் தினமும் தெருவில் நின்று கத்திக்கொண்டிருந்தார். எண்களைப் புதிதாக எழுத வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்த ஒரு மாஸ்டரை லூயிசா அதற்குப் போட்டார். அவனுக்கு விதித்தது நாற்பது மணி நேரம். அதே லைனில் தாயம்மா வீட்டுத் தண்ணீர் மோட்டாரைக் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் போட்டவன் அவன். பள்ளியில் மதிய உணவு சமைக்கும் தாயம்மா, ஒரு மாதம் இருட்டோடு எழுந்து தெருக்குழாயில் குடம் சுமந்தார். "அந்த லைன்லயேவா?" என்று போர்டு அதிகாரி தயங்கியபோது, "அங்கதான் மேடம்!" என்று லூயிசா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாராம்.

பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் பூஜ்யம் முதல் ஒன்பது வரை வெட்டி அச்சு செய்துகொண்டார்கள். ஊரின் மறுபக்கம் பாலகாட்டில் இன்னொரு வேலையும் நடந்ததால் லூயிசா இங்கே பாதி நேரம்தான் நின்றார்.

வெள்ளிக்கிழமை போர்டில் அறிக்கை வைக்க வேண்டும். வியாழன் பகல் ஒரு மணிக்கு, எல்லாம் எழுதியாயிற்று என்று பையன் சொன்னதும், லூயிசா லைன் சங்கச் செயலாளர் மனோகரோடு வேலையைச் சரிபார்க்க வந்தார். கடைசி வீட்டுச் சுவரில் 61 என்று இருந்தது.

"அறுவத்திரெண்டு எங்க?"

"முனிசிபாலிட்டில நம்பர மாத்திட்டாங்கன்னுல்ல நெனச்சோம்!" என்றார் மனோகர். "என் வூடு நாப்பத்தஞ்சு. இப்ப நாப்பத்திநாலு. ஆதார்ல மாத்தலாம்னு நேத்து அரை நாள் லீவு போட்டு போய் நின்னேம்மா!"

"மாத்திட்டீங்களா?"

"சர்வர் இல்லன்னுட்டான்."

"ஸ்தோத்திரம்!" என்று லூயிசா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு லைனில் பின்னோக்கி ஓடினார். 40, 30, 24, 23. அடுத்த வீட்டில் எண்ணே இல்லை. அதற்கடுத்து 22. எண் இல்லாத வீடு தாயம்மாவுடையது.

பையன் தரையைப் பார்த்தான்.

"மாஸ்டர், இந்த வூடு கண்ணுக்குத் தெரியலயா?"

"தெரிஞ்சிச்சுக்கா. அவங்க வாசல்ல நின்னுனு இருந்தாங்க."

"அப்பறம்?"

"அடுத்த வூட்டுக்குப் போய்ட்டேன்."

முப்பத்தொன்பது வீட்டு எண்கள் தப்பாகிப்போன வேளையில் யாரும் சிரிக்க மாட்டார்கள். லூயிசா இரண்டு கையையும் தட்டிச் சிரித்தார். "தப்பு எம்மேலயுந்தான்டா! நா கூட நின்னிருக்கணும்."

மனோகர் நல்ல மனிதர். "சிம்பிள்மா. இந்த வூட்டுக்கு '22-ஏ'ன்னு போட்டுட்டா முடிஞ்சிச்சு. அஞ்சு நிமிஷம். நா கையெழுத்து போட்டுர்றேன்."

பையன் நிமிர்ந்தான். மனோகர் கையெழுத்துப் போடாவிட்டால் வேலை முடிந்ததென்று லூயிசா எழுத முடியாது. எழுதாவிட்டால் நாளைக்கு அவன் மறுபடி போர்டு முன்னால் நிற்க வேண்டும். இந்த முறையும் வீட்டுக்கே அனுப்புவார்கள் என்பதற்கு உறுதியில்லை. ஓர் எழுத்தைச் சேர்த்தால் எல்லாம் தீரும்.

லூயிசா வாய் திறப்பதற்குள் கதவு திறந்தது.

"இன்னாத்துக்கு ஏ? நா இன்னா ஒட்டுக்குடித்தனமா?" என்றார் தாயம்மா. "கண்ணாலமாயி வந்த நாள்லேர்ந்து இருவத்திமூணு. மோட்டார்தான் போச்சு, நம்பரும் போவணுமா?"

மனோகர் சுவரைப் பார்த்தார். லூயிசா பையனைப் பார்த்தார். "நாப்பது வூடு. உன் கணக்குல பாக்கி அஞ்சு மணி நேரம். நீ சொல்லு மாஸ்டர்."

அவன் அச்சுகளைப் புரட்டி இரண்டையும் மூன்றையும் எடுத்தான். பிறகு தாயம்மாவின் வாசற்படிக்கு இரண்டடி தள்ளி நின்று, "இங்கேர்ந்து ஆரம்பிக்கட்டாக்கா?" என்றான்.

தாயம்மா சுவரோரம் அடுக்கியிருந்த குடங்களை ஒவ்வொன்றாக எடுத்து அந்தப் பக்கம் வைத்தார். அவன் அச்சை வைத்து எழுதி முடிக்கும்வரை இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"மூணு கோணலா கீது."

"அச்சுக்கா. கோணாது."

"அப்ப செவுருதான் கோணல், போ."

"ஓடு மாஸ்டர், இருவத்திநாலு!" என்று லூயிசா கத்தியது லைன் முழுவதும் கேட்டது. மனோகர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, பத்து வீடு முன்னால் போய்த் தப்பான எண்களின் மேல் வெள்ளை அடித்துக்கொண்டே போனார். அது காய்வதற்கு லூயிசா அட்டைப்பெட்டி மூடியால் விசிறினார். பின்னால் பையன் அச்சு வைத்தான். தெருப்பிள்ளைகள் கூடவே வந்து, எண் விழ விழக் கூவினார்கள். நாற்பத்தைந்து வந்தபோது மனோகரின் மனைவி வாசலுக்கு வந்து கும்பிட்டாள். "ஏழு நிமிசத்துக்கு ஒண்ணு மாஸ்டர்! விடாத!" என்றார் லூயிசா. ஐம்பது வரும்போது லூயிசாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அப்போதும் கையால் கத்தினார்.

ஆறு மணிக்கு அவன் அறுபத்திரண்டை எழுதி அச்சை எடுத்தான். மனோகர் ஸ்கூட்டர் சீட்டின் மேல் அறிக்கையை வைத்துக் கையெழுத்துப் போட்டு லூயிசாவிடம் நீட்டினார். அவர் வாங்கும்போதே அதன்மேல் ஒரு பெரிய துளி விழுந்தது. கோடை மழை.

காயாத எண்களைக் காக்க ஆட்கள் வாசலுக்கு ஓடிவந்தார்கள். ஒருவர் கையில் குடை, ஒருவர் கையில் முறம், ஒருவர் கையில் குழந்தையைக் குளிப்பாட்டும் பேசின். தன் வீட்டு எண் எப்போதோ காய்ந்துவிட்ட தாயம்மா, அண்டா மூடியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அறுபதாவது வீட்டுக்கு ஓடினார். அறுபத்திரண்டு பூட்டியிருந்தது. அந்த வீட்டுக்காரர்கள் பெங்களூரு ரயிலில் இன்னும் வந்துகொண்டிருந்தார்கள்.

லூயிசா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். விசிறிய அட்டை மூடியையும் யாரோ வேறொரு எண்ணுக்குக் கொண்டுபோயிருந்தார்கள்; கையில் வேறொன்றும் இல்லை.

"யக்கா! ரிப்போர்ட்டு! நனையுது!" என்று பையன் அலறினான்.

அவர் அறிக்கையை இன்னும் அகலமாக விரித்து, சுவரில் படாமல், எண்ணுக்கு மேலே பிடித்தார்.