பின்லாந்துக்குத் தெரிந்த எரிமலை

இன்று எங்கள் செஞ்சிப் பள்ளிக்கும் பின்லாந்துப் பள்ளி ஒன்றுக்கும் வீடியோ கால். இரண்டு பக்கப் பிள்ளைகளும் தங்கள் மைதானத்தில் கிடக்கும் பிளாஸ்டிக் குப்பையை எண்ணி, ஒரே செயலியில் பதிய வேண்டும்.

டேப்லெட்டோடு வெளியே வந்தால், மைதானம் பளபளவென்று இருக்கிறது. ஒரு மிட்டாய்த் தாள்கூட இல்லை. கோலம் வேறு!

துப்புரவு வேலை பார்க்கும் மல்லிகா அக்காவிடம் ஓடினேன்.

"இன்னாக்கா, குப்பையெல்லாம் எங்க?"

"ஃபாரின்காரங்க பாக்கறாங்கன்னு நீங்கதான டீச்சர் சொன்னீங்க? அசிங்கமா இருந்தா நம்ம மானம் இன்னா ஆவறது? காலையிலயே கூட்டிட்டேன்."

வேறு வழியில்லாமல் பூஜ்யம் என்று பதிந்தோம். அந்தப் பக்கம் ஒரே கைத்தட்டல். அவர்களுக்குப் பத்துப் பன்னிரண்டு தேறியதாம்; அந்த ஆசிரியை வெட்கப்பட்டார். நான் தன்னடக்கமாகச் சிரித்துக்கொண்டேன்.

அப்போது ஒரு பின்லாந்துச் சிறுமி ஆங்கிலத்தில் கேட்டாள்: "உங்களுக்குப் பின்னால் மலையிலிருந்து புகை வருகிறதே, எரிமலையா?"

திரும்பிப் பார்த்தேன். கோட்டை மலையை மறைத்துக்கொண்டு, எங்கள் சுற்றுச்சுவருக்குப் பின்னாலிருந்து கரும்புகை.

நான் வாயைத் திறப்பதற்குள் ஏழாம் வகுப்பு நந்தினி மைக்கைப் பிடுங்கி, நான் சொல்லிக்கொடுத்த ஆங்கிலத்திலேயே பதில் சொல்லிவிட்டாள்: "இல்லை, அதுதான் எங்கள் குப்பை."

செயலியில் புகையை எந்தக் கட்டத்தில் பதிவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பின்லாந்து காத்திருக்கிறது.